காலிப்பணியிடம் பூஜ்ஜியம்

எங்கள் பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை கிடையாது. நான் சொல்லவில்லை, பதிவேடு சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் 2, பணிபுரிபவர் 2, காலிப்பணியிடம் 0. மாதாமாதம் இந்த மூன்று எண்களுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறவள் நான்தான். இருப்பவை ஐந்து வகுப்புகள்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை. வேலைக்கு வந்தது 1998இல். இந்தப் பள்ளிக்கு 2014இல் மாறுதலாகி வந்தபோது 78 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். இப்போது 43 பிள்ளைகள், என்னையும் சேர்த்து இரண்டு பேர். ஆசிரியர் பற்றாக்குறை என்றாலே பேச்சு காலிப்பணியிடங்களில் வந்து நிற்கிறது. எத்தனை ஆயிரம் இடம் காலி, ஆசிரியர் தேர்வு வாரியம் எப்போது நிரப்பும் என்பதோடு முடிந்துவிடுகிறது. அதுவும் வேண்டிய கேள்விதான். ஆனால் எங்களைப் போன்ற சின்னப் பள்ளிகளில் ஒரு காலியிடம்கூட இல்லாமலேயே வகுப்பில் ஆள் இருக்காது. இது எப்படி என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. கல்வி அதிகாரிகளாக வந்த சிலருக்கே நான் விரல் விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறேன்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் கணக்கு இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. தனித் தலைமையாசிரியர் வேண்டுமென்றால் 150 பிள்ளைகளைத் தாண்ட வேண்டும். 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்று அதே அட்டவணை தெளிவாகச் சொல்கிறது. அகரம் எழுதப் பழகும் குழந்தைகளுக்கு மட்டும் அந்த வரி இல்லை.

அப்புறம் சராசரி என்றொரு சங்கதி. ஒரு பள்ளியில் 12 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர். அடுத்த ஊரில் 58 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர். சேர்த்து வகுத்தால் ஆசிரியருக்குப் பதினேழரைப் பிள்ளை வரும். கூட்டத்தில் இதைப் படித்துவிட்டு, 'தமிழ்நாட்டில் ஆசிரியர்கள் தேவைக்கு மேல் இருக்கிறார்கள்' என்று ஒருவர் பேசினார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த 12 பிள்ளைகள் பள்ளியிலும் ஐந்து வகுப்பு உண்டு என்பதை அவர் மறந்துவிட்டார்.

எங்கள் மூன்றாவது ஆசிரியர் போன கதையைச் சொல்கிறேன். 2019இல் பள்ளி திறந்தபோது 62 பிள்ளைகள். ஜூலைக் கடைசியில் ஒரு குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனது. அண்ணன், தம்பி, தங்கை என்று மூன்று பிள்ளைகளும் டி.சி. வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் 59. ஆகஸ்ட் 1 அன்று பள்ளியில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். மூன்று ஆசிரியருக்கு வேண்டிய 61க்கு இரண்டு பிள்ளைகள் குறைந்ததால் ஒரு பணியிடம் உபரியானது. பணியில் இளையவர்தான் உபரி என்பது விதி. ஒன்றாம் வகுப்பை எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் அவர். பாட்டும் ஆட்டமுமாக எழுத்துச் சொல்லிக்கொடுப்பார், வராத பிள்ளைகளை வீடு வரை போய் அழைத்து வருவார். உபரி ஆசிரியரைத் தேவையுள்ள இடத்துக்கு மாற்றும் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். அந்த வாரமே இன்னும் நான்கு பிள்ளைகள் தனியார் பள்ளி வேனில் ஏறினார்கள். ஆள் குறைந்தால் பிள்ளை குறையும், பிள்ளை குறைந்தால் ஆள் குறையும். இந்தச் செக்கில்தான் எத்தனையோ பள்ளிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சரி, இரண்டு பேராவது தினமும் இருக்கிறோமா? அங்கேதான் விஷயம். ஒருவருக்குப் பயிற்சி வந்தால் வட்டார வள மையத்துக்குப் போக வேண்டும். பாடநூல், சீருடை என்று எது வந்தாலும் எடுத்து வர ஒருவர் போக வேண்டும். பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் (EMIS) இணையதளத்தில் ஒரு விவரம் ஏறவில்லை என்றால், வகுப்பு நடுவில் கைபேசியும் கையுமாக மொட்டை மாடிக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் அங்கேதான் சிக்னல் கிடைக்கும். கல்வி சாராத பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விலக்கு உண்டு. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருந்த ஆசிரியர்கள் படிவக் கட்டோடு தெருத்தெருவாக நடந்தார்கள். நாற்பது ஆசிரியர் உள்ள மேல்நிலைப்பள்ளியில் ஒருவர் போனால் சமாளிக்கலாம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போனால் அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி. இது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

மகப்பேறு விடுப்பும் அப்படித்தான். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் அது 12 மாதம். அது அவர்கள் உரிமை, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. நானும் பிள்ளை பெற்றவள்தான். ஆனால் விடுப்பில் போனவரின் பணியிடம் காலி என்று எழுதப்படாது, ஆள் இருப்பதாகவே கணக்கு. என்னோடு இருந்த டீச்சர் அந்த விடுப்பில் போனபோது பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரம் மூன்று நாள் மாற்றுப்பணியாக ஒருவர் வந்தார். அந்த மூன்று நாளும் அந்தப் பள்ளியில் ஒருவர்தான். பிறகு பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் வைக்கலாம் என்றார்கள். 2022இல் அந்தத் திட்டம் வந்தபோது தொடக்கப்பள்ளியில் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கு மாதத் தொகுப்பூதியம் 7,500 ரூபாய். எங்கள் ஊருக்குப் பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இந்தச் சம்பளத்துக்கு யார் வருவார்கள்?

டீச்சர் விடுப்பில் இருந்த அந்த வருடத்தில், மாற்றுப்பணி ஆசிரியரும் வராத ஒரு புதன்கிழமை இன்னும் மறக்கவில்லை. ஐந்து வகுப்பும் ஒரே அறையில். மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல், நான்காம் வகுப்பில் வாசிப்பு, ஒன்றாம் வகுப்பு அழுகை. கெட்டிக்காரியான ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, 'சின்னவங்களுக்கு ண, ன சொல்லிக்கொடும்மா' என்று உட்கார வைத்தேன். கையில் குச்சி, இடுப்பில் கை, அப்படியே என்னைப் போல. மதியம் சிலேட்டைப் பார்த்தால் 11 சிலேட்டிலும் மூன்று சுழி ண-வுக்கு இரண்டு சுழிதான் இருக்கிறது. அதைத் திருத்த எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதுகூடப் பரவாயில்லை. வருடக் கடைசியில் அந்தப் பெண் வகுத்தல் கணக்கில் திணறினாள். ஈவு எது, மீதி எது என்று தெரியாமல் விழித்தாள். அவள் டீச்சராக இருந்த நேரமெல்லாம் அவளுக்கு டீச்சர் இல்லை. அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அங்கே கணக்கு டீச்சர் என்னைத்தான் திட்டியிருப்பார்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பாடம் நடத்தக் கிடைக்கும் நேரம் ஒரு நாளைக்கு ஐந்து மணி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஐந்து வகுப்பையும் பார்த்தால் வகுப்புக்கு ஒரு மணி நேரம். ஐந்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம், ஆக பாடத்துக்கு 12 நிமிடம். நோட்டைத் திருத்தும் நேரமும் அந்த 12 நிமிடத்துக்குள்தான்.

பல வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்துக் கற்பிக்க வழி இல்லாமல் இல்லை. செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்த காலத்திலும் சரி, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த பிறகும் சரி, நல்ல விஷயங்கள் நிறைய உண்டு. நான் இரண்டையும் விரும்பியே செய்தவள். ஆனால் மூன்று நிலைகளுக்கும் நடுவே போய்வர ஆள் வேண்டும். கற்பித்தல் முறையை மாற்றிவிட்டால் ஆசிரியர் எண்ணிக்கை பெரிதில்லை என்று யாராவது சொன்னால், ஒரு வாரம் எங்கள் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். மதிய உணவு சத்துணவில் உண்டு.

சின்னப் பள்ளிகளை மூடி ஒன்றாகச் சேர்த்தால் என்ன என்று கேட்கிறார்கள். சேர்க்கலாம், வகுப்புக்கு ஓர் ஆசிரியரும் கிடைப்பார். ஆனால் எங்கள் ஊரிலிருந்து அடுத்த பள்ளிக்கு நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையை அப்படி அனுப்பும் தாய் யாரும் இல்லை. வேன் வரும், பிள்ளை தனியாருக்குப் போகும், காசில்லாத வீட்டுப் பிள்ளை வீட்டில் இருக்கும்.

ஒரு வருடம் ஜூனில் ஓர் அம்மா டி.சி. கேட்டு வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"டீச்சர், உங்க மேல குறையே இல்ல. ஆனா அஞ்சு கிளாசுக்கு ரெண்டு பேர்தானே இருக்கீங்க. அதுலயும் ஒருத்தர் பாதி நாள் இல்ல."

"அதை என்கிட்ட சொல்லி என்னம்மா ஆகும்? எழுதிக் குடுங்க."

"யாருகிட்ட?"

நியாயமான கேள்வி. பெற்றோர் பலரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தில் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். எத்தனை ஆசிரியர் என்று கேட்டால் 'இரண்டு' என்று பதில் வரும், அதோடு முடிந்தது. போன மாதம் எத்தனை நாள் ஒருவர் மட்டும் இருந்தார் என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தீர்மானமாக எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். தலைமையாசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாங்கள் எழுதினால் புலம்பல், நீங்கள் எழுதினால் கோரிக்கை.

இன்னொன்று, பிள்ளையை மாற்றுவதாக இருந்தாலும் சேர்ப்பதாக இருந்தாலும் ஆகஸ்ட் 1 என்ற தேதி மனதில் இருக்கட்டும். கிராம சபையில் பேசுவதாக இருந்தால் மே 1 கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். ஆகஸ்ட் 15 கூட்டத்துக்குக் காத்திருந்தால் அதற்குள் தலை எண்ணி முடித்திருப்பார்கள். சட்டத்தின் அட்டவணை சொல்வது குறைந்தபட்சம்தான். அதற்கு மேல் ஆசிரியர் கொடுக்க மாநில அரசுக்கு எந்தத் தடையும் இல்லை.

அந்த அம்மா டி.சி. வாங்கவில்லை. அடுத்த வருடம் மே 1 கிராம சபைக்கு இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். குடிநீர், தெருவிளக்கு எல்லாம் முடிந்து பள்ளிப் பேச்சு வரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நான்கு பேரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் வேகவேகமாக எழுதிவிட்டு வாசித்தார்: "பள்ளியில் உள்ள காலிப்பணியிடத்தை உடனே நிரப்ப வேண்டும்."

நான் எழுந்துபோய், காலிப்பணியிடமே இல்லை, அதை அடித்துவிட்டு 'வகுப்புக்கு ஓர் ஆசிரியர்' என்று எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "காலியே இல்லைன்னா அப்புறம் எதுக்கு டீச்சர் ஆள் கேக்குறீங்க?" என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று முதல் ஐந்து வரை எண்ண ஆரம்பித்தேன்.