பூண்டு சுட்டுக் கொடுத்துப் பார்த்த பிறகு எங்களிடம் வருகிற வயிற்று வலி

காங்கயத்தை அடுத்த ஊரிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு 26 வயது. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. உடலின் நோய் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கு 4 ஆண்டுகளாக மருந்து எடுத்துக்கொள்பவர், 9 நாள் வயிற்று வலி, வாந்தி, பேதிக்குப் பிறகே எங்களிடம் வந்து சேர்ந்தார். அந்த 9 நாளும் வீணாகிவிடவில்லை என்று அவருடைய தாயார் நம்பினார். பூண்டு சுட்டுக் கொடுத்தாகிவிட்டது, ஓமத் தண்ணீர் ஆகிவிட்டது, தொக்கம் எடுத்தாகிவிட்டது, இரண்டு முறை குளுக்கோஸும் ஏற்றியாகிவிட்டது. "வெறும் வாய்வுதானுங்களே டாக்டர், இதுக்கு எதுக்குங்க ஸ்கேனு?" என்று கேட்டார். ஒரே மாதத்தில் இதே கேள்வி என் காதில் விழுவது இது மூன்றாவது முறை.

லூபஸ் என்றால் கன்னத்தில் படை, கை மூட்டில் வலி, அவ்வளவுதான் என்று நோயாளிகள் மட்டுமல்லர், மருந்து எழுதுகிற நம்மிலும் சிலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதையாவது இப்போது பலர் அறிந்திருக்கிறார்கள். ஆனால் அதே நோய் குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு நாளங்களை அழற்சியால் வீங்க வைக்கலாம், கணையத்தைத் தாக்கலாம், எந்த அடைப்பும் இல்லாமலேயே குடலின் அசைவை நிறுத்திவிடலாம், வயிற்றில் நீர் கோக்க வைக்கலாம் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். வாய்வு எல்லோருக்கும் வரும். லூபஸ் நோயாளிக்கும் வரும். ஆனால் நாள் கணக்கில் நீடித்து, வாந்தியோடும் பேதியோடும் சேர்ந்து, தூக்கத்தைக் கெடுக்கும் வலிக்கு வாய்வு என்று பெயர் சூட்டும் உரிமை, பரிசோதனை முடியும் வரை யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

அவருடைய வயிற்றை அழுத்திப் பார்த்தபோது மெத்தென்று இருந்தது. இங்கேதான் ஏமாறுவோம். இவரைப்போல் லூபஸுக்காக ஸ்டீராய்டு உட்கொள்பவருக்குக் குடலில் ஓட்டை விழுந்திருந்தால்கூட வயிறு பலகைபோல் விறைக்காமல் இருக்கலாம். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரோட்டீனும் லூபஸ் தீவிரமாகும்போது பெரிதாக உயராமல் இருப்பதுண்டு. சிறுநீரகத்தின் நிலையை அறிய கிரியாட்டினின் பார்த்துவிட்டு, நரம்பில் மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்தோம். சிறுகுடலின் சுவர் தடித்து, குறுக்கே வெட்டிய சின்ன வெங்காயம்போல் வளையத்துக்குள் வளையமாகத் தெரிந்தது. குடலை நோக்கி வரும் நாளங்கள் புடைத்துச் சீப்பின் பற்களாய் வரிசை கட்டி நின்றன. லூபஸ் தீவிரமாகும்போது இரத்தத்தில் குறையும் புரதங்களான சி3, சி4 இரண்டும் குறைந்திருந்தன, சிறுநீரில் புரதம் இருந்தது. லூபஸ்தான் குடலைத் தாக்கியிருந்தது. கணையம் சுரக்கும் லிப்பேஸின் அளவு சரியாக இருந்ததால் கணையம் தப்பியது என்று தெரிந்தது. குடல் அழுகவோ ஓட்டை விழவோ இல்லை என்று அறுவை சிகிச்சை மருத்துவரும் உறுதி செய்த பிறகு, குடலுக்கு ஓய்வு கொடுத்து, நரம்பு வழியாக மீத்தைல் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்தினோம். ஐந்தாம் நாள் கஞ்சி குடித்தார்.

சக மருத்துவர்களுக்கு ஒன்று. வயிற்றில் நீர் கோத்த இளம்பெண் என்றவுடன் காசநோய் மருந்தைத் தொடங்கிவிடுவது நம் பக்கம் பழக்கமாகிவிட்டது. காசநோய் இங்கே அதிகம் என்பதால் அதை விலக்காமல் ஸ்டீராய்டும் கொடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் நீரை எடுத்துச் சோதிக்க அனுப்பும் அன்றே லூபஸைத் தேடும் இரத்தச் சோதனையான ஏ.என்.ஏ., சி3, சி4, சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றையும் எழுதிவிடுங்கள்.

நோயாளிகளே, வாந்தி வருகிறது, வெறும் வயிறு என்று ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தப் பெண் நான்கு நாள் நிறுத்தியிருந்தார். நெடுநாள் எடுத்த மாத்திரையைச் சட்டென்று விட்டால் அதுவே வயிற்று வலியையும் வாந்தியையும் கொண்டுவரும், இரத்த அழுத்தத்தையும் சரித்துவிடும். மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்கு வந்து ஊசியாகப் போட்டுக்கொள்ளுங்கள். வலிக்கு மெடிக்கல் கடையில் டைக்ளோபினாக் கேட்டு வாங்காதீர்கள். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் அது ஆகாது. எந்த ஊர் மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், "எனக்கு லூபஸ் இருக்குதுங்க" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பழைய சீட்டுகளை மஞ்சப்பையில் போட்டு வீட்டில் மாட்டி வைக்காமல், தயவுசெய்து கையோடு எடுத்து வாருங்கள்.