கிடையில் அடகுப் பிள்ளைகள்: டெல்டா விவசாயிகளுக்கு ஒரு கால்நடை மருத்துவரின் வேண்டுகோள்

சம்பாவும் தாளடியும் அறுத்து வயல் காய்ந்ததும் காவிரி டெல்டாவுக்குள் கிடை ஆடுகள், அதாவது உரத்துக்காக ராத்திரியில் வயலில் அடைக்கும் மந்தைகள், வரத் தொடங்கும். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கீதாரிகள் (ஆட்டு மந்தைக்காரர்கள்) செம்மறிகளை ஓட்டிக்கொண்டு மன்னார்குடி, நீடாமங்கலம், ஒரத்தநாடு என்று வயல் வயலாக நகர்வார்கள். பகலில் அறுத்த பயிரின் தாளில் மேய்ச்சல், ராத்திரி அதே வயலில் பட்டி. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கி, மேட்டூர் திறந்து குறுவைக்கு உழுவதற்குள் நிலம் உரமேறிவிடும். இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராக அலையும் கீதாரிகளில் பெரும்பாலானவர்கள் நேர்மையான, கஷ்டப்பட்ட மனிதர்கள். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடவும் குடற்புழு மருந்து கொடுக்கவும், ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன் விடியற்காலையிலேயே கிடைக்குப் போவது என் வழக்கம். சில கிடைகளில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் இருப்பார்கள். கீதாரியின் சொந்த மகன் என்றால் பார்த்தாலே தெரியும். அப்பாவிடம் வாயடிப்பான், அம்மா அதட்டுவாள், லீவு முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவான். இன்னொரு மாதிரிப் பையன்களும் உண்டு. எந்த ஆடு சினை, எது நேற்று தீவனம் எடுக்கவில்லை என்பதை அவனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு கெட்டிக்காரன். "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டால் மட்டும், வாயைத் திறக்கும் முன் கிடைக்காரர் முகத்தைப் பார்ப்பான்.

ஒரு கோடையில் குளம்பு அழுகல் வந்த ஆடுகளுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் மெதுவாக, "அந்த ஊதா மருந்து என் காலுக்கும் கொஞ்சம் போடுவீங்களா சார்?" என்றான். காலைத் தூக்கிக் காட்டினான். செருப்பில்லாமல் தாளில் நடந்து நடந்து பாதம் முழுக்கக் கீறல், இரண்டு இடத்தில் சீழ். கழுவிக் கட்டுப் போடும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான். அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. சொந்தக்காரர் ஒருவர் வந்து முன்பணம் வாங்கிக்கொடுத்து, இவனைக் கிடையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சம்பளம் கையில் வாங்கியதே இல்லை. நடுவில் இரண்டு குட்டிகள் காணாமல் போக, அதன் விலையையும் இவன் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். தான் நிற்கும் வயல் எந்த ஊரில் இருக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

ஆள்கடத்தல் என்றதும் நம் ஆட்களுக்கு மும்பை ரயிலும் மயக்க மருந்தும்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால் கண்ணெதிரே இருப்பது தப்பிவிடுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். சுரண்டலுக்காக ஒருவரை ஆள்சேர்ப்பது, கொண்டுபோவது, வைத்துக்கொள்வது எல்லாம் அதில் வரும். பிள்ளையின் பொறுப்பில் இருப்பவரின் சம்மதத்தைப் பெறுவதற்காகப் பணம் கொடுப்பதும் அதில் சொல்லப்பட்ட வழிகளில் ஒன்று. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்ற பேச்சு செல்லாது. குழந்தை என்றால் தண்டனை குறைந்தது 10 ஆண்டு. உலகத் தொழிலாளர் அமைப்பும் மற்ற இரண்டு அமைப்புகளும் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி நவீன அடிமைத்தனத்தில் இருப்பவர்கள் சுமார் 5 கோடிப் பேர். அதில் கட்டாய உழைப்பில் சிக்கிய குழந்தைகள் மட்டும் 33 லட்சம். அந்த மாதிரிக் குழந்தைகளில் ஒருவன் நம் பம்ப்செட் கொட்டகை நிழலில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

வீட்டில் விஷயம் கேட்டால் எல்லாம் முன்பணத்தில்தான் ஆரம்பிக்கும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்துப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. தோப்பு வேலையை நம்பியிருந்த கூலிக் குடும்பங்களுக்கு அடுத்த நாளிலிருந்து வருமானமே இல்லை. அதற்கு அப்புறம் கிடைகளில் அடகு வைக்கப்பட்ட பிள்ளைகள் மீட்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. பெற்றவர்களைத் திட்டித் தீர்ப்பவர்களைப் பார்க்கிறேன். வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் கதவைத் திறக்காத வீட்டுக்குள் முன்பணத்தோடு வந்து நிற்பவர் தரகர் மட்டும்தான் என்பதையும் யோசிக்க வேண்டும். வாத்து மேய்க்கும் கூட்டங்களிலும், செங்கல் சூளையிலும், கரும்பு வெட்டிலும் கயிறு இதே முன்பணம்தான்.

பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கக் கூடாது என்று 1933-லேயே சட்டம் வந்தது. பண்ணையாட்களைச் சாணிப்பாலாலும் சவுக்காலும் ஆண்ட காலத்தை எதிர்த்து நின்ற மண் இது. தஞ்சைப் பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்னும் தெளிவானது. அதன்படி கொத்தடிமைக் கடன் தானாகவே ரத்தாகிவிடும். "இது கொத்தடிமைக் கடன் இல்லை" என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் பணம் கொடுத்தவருடையது, பிள்ளையுடையது அல்ல.

விவசாயிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். கிடை பேசும்போது ஆட்டுக்கு இவ்வளவு, ராத்திரிக்கு இவ்வளவு, எத்தனை நாள் என்று எல்லாம் பேசுகிறீர்கள். "மேய்க்கிறது யார்?" என்பதையும் கேளுங்கள். கிடைக்குக் காசு கொடுப்பவர் நீங்கள். அதிகாரிக்கு ஒளிப்பதை உங்களிடம் ஒளிக்க முடியாது, ஏனென்றால் பட்டி உங்கள் வயலில் இருக்கிறது. சொந்தப் பிள்ளை இல்லாத பையன் இருந்தால் கிடை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் அதோடு விட்டால் அவன் பக்கத்து ஊர் வயலுக்குத்தான் போவான். அதனால் அன்றைக்கே 1098-க்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தகவல் சொல்லலாம்.

சொல்லும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது. யார் வயல், எந்த வாய்க்கால் கரை, எத்தனை நாளைக்குக் கிடை என்பதையும் சொல்ல வேண்டும். நாலு நாள் தாமதித்தால் கிடை இடம் மாறிவிடும். கிடைக்காரர் எதிரே பையனைக் குடைந்து கேட்காதீர்கள், ராத்திரியோடு ராத்திரியாக அவனை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள். நான் முதலில் சொன்ன பையன் விஷயத்தில் வயல்காரர் பெயரும் வாய்க்கால் பெயரும் சரியாகச் சொன்னதால்தான் அன்று சாயங்காலத்துக்குள் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

மீட்டதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். கோட்டாட்சியரோ ஆட்சியரோ கையெழுத்திட்ட விடுதலைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. அது தவிர குழந்தைகளுக்கு 2 லட்ச ரூபாய். இந்தப் பெரிய தொகை வழக்கில் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதால் இழுத்துக்கொண்டே போகிறது. முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அந்த இடைவெளியில்தான் தரகர் மறுபடியும் வீட்டுக்கு வருகிறார்.

வந்தால் பிள்ளையின் அம்மாவுக்கு இதைச் சொல்லிவையுங்கள்: ரத்தான அந்தக் கடனுக்காக ஒரு ரூபாய் வாங்கினாலும் அது குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. வீட்டு வாசலில் நின்று பணம் கேட்கிறார்கள் என்றால் சான்றிதழின் நகலோடு நேராகக் காவல் நிலையத்துக்குப் போகலாம். துணைக்கு ஊரிலிருந்து இரண்டு பேர் கூடப் போங்கள்.