தொற்றுநீக்கம்

"பஸ் நிற்கவில்லை, தொற்றிக்கொண்டு வந்தேன்" என்று கடலூர்ப் பக்கம் சொல்வார்கள். நோய்த்தொற்றில் இருப்பதும் அதே தொற்றுதான்: ஒட்டிப் பற்றிக்கொள்வது. அதை விலக்குவது தொற்றுநீக்கம். டிஸின்ஃபெக்‌ஷனுக்கு இதுவே சரியான தமிழ். லத்தீன் வேரான 'இன்ஃபிக்கெரே'க்குச் சாயத்தில் தோய்த்தல், கறைப்படுத்தல் என்று பொருள். முன்னொட்டான 'டிஸ்' அதை நீக்குகிறது.

நாமோ எல்லாவற்றுக்கும் 'கிருமி நீக்கம்' என்று எழுதிவிடுகிறோம். கிருமி வடசொல், முதற்பொருள் புழு. தில்லை கோவிந்தராசப் பெருமாள் சிலையைக் கடலில் எறிந்ததாக வைணவக் கதைகள் சொல்லும் சோழனுக்கு, கழுத்தில் புழு வைத்ததால் 'கிருமிகண்ட சோழன்' என்று பெயர். சரி, பொருள் மாறியதில் தப்பில்லை. ஸ்டெரிலைசேஷனுக்கும் இதே சொல்லைப் போடுவதுதான் சிக்கல். அதில் சூட்டையும் மருந்தையும் தாங்கி உறங்கிக் கிடக்கும் பாக்டீரியாவின் வித்துகள் உட்பட எதுவும் உயிரோடு மிஞ்சக்கூடாது. அதை முழு நுண்ணுயிர்நீக்கம் என்று தனியே சொல்லலாம்.

இந்த வேறுபாடு எண்டோஸ்கோப்பி அறையில் பளிச்சென்று தெரியும். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் "வாய் வழியா டியூப் விட்டுப் பார்த்தாங்க" என்பார்களே, அந்த டியூப்தான் எண்டோஸ்கோப், தமிழில் அகநோக்கி. 1853-இல் தெசோர்மோ என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்த பெயர். வளையும் அகநோக்கி, அழுத்த நீராவியால் நுண்ணுயிர்களைக் கொல்லும் ஆட்டோகிளேவின் சூட்டைத் தாங்காது. சளிச்சவ்வைத் தொடுவதால் அதற்குக் குறைந்தது உயர்நிலைத் தொற்றுநீக்கமாவது வேண்டும். வித்துகள் சில மிஞ்சலாம், மற்றதெல்லாம் சாக வேண்டும். பொதுவாக 2 சதவீதக் குளூட்டரால்டிஹைடு என்ற தொற்றுநீக்கி மருந்தில் 20 நிமிடம் மூழ்கவைப்பார்கள். ஊழியர்கள் வாயில் அது 'சைடெக்ஸ்'.

மருந்தில் முக்கினால் போதும் என்ற நினைப்புத்தான் ஆபத்து. குளூட்டரால்டிஹைடு புரதத்தை இறுக்கி ஒட்டவைக்கும். தேய்க்காமல் முக்கினால் ரத்தமும் சளியும் உள்குழாயில் படிந்துவிடும், அடியில் கிருமிகள் தப்பிக்கும். அதனால் கருவியை வெளியே எடுத்த கையோடு துடைத்து, சோப்புக் கரைசலை உறிஞ்சவிட வேண்டும். எங்காவது கசிகிறதா என்று காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்த பிறகு, உள்குழாய்களை நீளப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இது துப்புரவு, இதற்குப் பிறகுதான் தொற்றுநீக்கம். அப்புறம் நல்ல நீரில் அலசி, ஆல்கஹால் செலுத்தி, காற்றால் உலர்த்தி, செங்குத்தாகத் தொங்கவிடுவார்கள். உள்ளே ஈரம் தங்கினால் ராத்திரியோடு ராத்திரியாக சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பெருகும். நம் கடலோரப் புழுக்கத்தில் உலர்த்தலைத் தானாக நடக்கும் என்று விட முடியாது.

பதிவேட்டில் துப்புரவு, தொற்றுநீக்கம், உலர்த்தல் என்று தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். 'கிருமி நீக்கம் செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரியில், மூன்றில் எது நடந்தது என்று தெரியாது.