ஒரே பதிவு, நாட்டுக்கொரு முகம்

2012 அக்டோபரில், ஜெர்மனியின் ஹானோவர் நகரத்து நவநாஜிக் குழு ஒன்றின் ட்விட்டர் கணக்கை பெர்லினில் திறந்தவர்கள், இது ஜெர்மனியில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்ற அறிவிப்பை மட்டுமே பார்த்தார்கள். எல்லை தாண்டி பாரிசில் திறந்தால் எல்லாம் அப்படியே இருந்தது. நாடு பார்த்து மறைக்கும் வசதியை ட்விட்டர் பயன்படுத்திய முதல் சம்பவம் அது.

இதில் எதுவும் அழிக்கப்படுவதில்லை. பதிவோடு நாட்டுக் குறியீடுகளின் பட்டியல் ஒன்று சேர்க்கப்படுகிறது. யாராவது பதிவைக் கேட்கும்போது, அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று நிறுவனத்தின் சர்வர் பார்க்கும். அந்த நாடு பட்டியலில் இருந்தால் காட்டாது. ஜெர்மனிக்கு 'டிஇ', இந்தியாவுக்கு 'ஐஎன்'. உலகம் முழுக்க மறைக்க 'எக்ஸ்எக்ஸ்', பதிப்புரிமைப் புகாருக்கு 'எக்ஸ்ஒய்' என்று எந்த வரைபடத்திலும் இல்லாத இரண்டு நாடுகளையும் ட்விட்டர் படைத்து வைத்திருந்தது!

நாட்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் இணையும்போது கிடைக்கும் எண். இம்முகவரிகள் வட்டாரவாரியாகக் கட்டுக்கட்டாக ஒதுக்கப்படுவதால், எந்தக் கட்டு எந்த நாட்டில் புழங்குகிறது என்று தரவுத்தளம் தயாரிக்கலாம். யாஹூ தளத்தில் நடந்த நாஜிப் பொருள்களின் ஏலத்தை பிரான்ஸ் பயனர்களுக்கு மறைக்கக் கோரிய வழக்கில், 2000-ஆம் ஆண்டிலேயே, பிரான்ஸ் பயனர்களில் சுமார் 70 சதவீதம் பேரை இப்படி அடையாளம் காணலாம் என்று பாரிஸ் நீதிமன்றத்தில் நிபுணர்கள் கூறினார்கள். வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டும் விபிஎன் சேவையைப் போட்டால் இந்தத் தடையைத் தாண்டிவிடலாம். அது அரசுக்கும் தெரியும், நிறுவனத்துக்கும் தெரியும். ஆனாலும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததாகக் கணக்கு. உள்ளூர் அலுவலகமும் விளம்பர வருமானமும் தப்பிக்கும். மறுத்தால் என்ன ஆகும் என்பதை வியட்நாம் 2020-இல் காட்டியது. அங்கே அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஃபேஸ்புக்கின் உள்ளூர் சர்வர்களை முடக்கின, தளம் ஆமை வேகத்துக்கு வந்தது, ஃபேஸ்புக் பணிந்தது.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இதற்குப் பயன்படுகிறது. அதன் கீழ் வந்த 2009-ஆம் ஆண்டு விதிகளில் 16-ஆவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஆகவே சட்டக் கோரிக்கை என்ற அறிவிப்பு தெரியும், காரணம் தெரியாது.

என்னைக் கேட்டால், நாட்டின் பெயரைச் சொல்லி மறைப்பதே இருப்பதில் நேர்மையான தணிக்கை. இன்னொரு வழியில் நாட்டின் பெயரே வெளியே வராது. அரசு ஒரு பதிவைக் காட்டிக் குறை சொன்னால், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா முதலில் தன் சொந்த விதியை எடுத்துப் பார்க்கிறது. விதிமீறல் என்று முடிவானால் உலகம் முழுக்கவே நீக்கிவிடுகிறது. விதிக்கு உட்பட்டு, நாட்டின் சட்டத்துக்கு மட்டும் விரோதமாக இருந்தால்தான் அந்த நாட்டில் மறைக்கிறது. அதன் ஆபத்தான அமைப்புகள் பட்டியலில் விடுதலைப் புலிகளும் உண்டு. அதனால் புலிகளைப் போற்றும் பதிவு யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டாலும் டொரன்டோவில் எழுதப்பட்டாலும் ஒரே விதிதான்.

நிறுவனத்தின் சொந்த விதியைக் காட்டியே நீக்கவைக்கும் இந்த வழி அரசுகளுக்கும் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் 2015-இல் இதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. அதன் ஊழியர்கள் பயங்கரவாதப் பிரசாரப் பதிவுகளைத் தேடிப்பிடித்து, இவை உங்கள் விதிக்கே முரணானவை என்று நிறுவனங்களுக்குத் தெரிவிப்பார்கள். நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. நீக்குவதா வேண்டாமா என்பதை நிறுவனமே தன் விருப்பப்படி முடிவு செய்கிறது என்பது ஏட்டில் உள்ள ஏற்பாடு.