செர்ரிப் புளிப்பும் பல் கூச்சமும்

புரட்டாசி விரதம் முடிந்த முதல் சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் என் மைத்துனர் வீட்டுப் பின்புறத்தில் இறைச்சி சுடும் பிராய் அடுப்பு மூட்டியிருந்தார்கள். கேப் டவுனில் வேலை பார்க்கும் அவருடைய மகன், ஷாம்பெயின் பாட்டிலைப் போலத் தக்கையும் கம்பியுமாகக் கட்டிய ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து, "மாமா, இது பெல்ஜியத்து முறையில் செர்ரி போட்டுச் செய்த பீர், ஒரு வாய் பாருங்கள்" என்று நீட்டினான். நான் பல் மருத்துவன். விருந்தில் யார் எதைக் குடித்தாலும் என் பார்வை கோப்பையில் நில்லாமல் குடிப்பவரின் வாய்க்குப் போய்விடும். அன்றும் அப்படித்தான் ஆயிற்று.

முதலில் சுவையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நன்றாகவே இருந்தது. கண்ணாடியில் ஊற்றியதும் இளஞ்சிவப்பு நுரை எழும்பி விரைவில் அடங்கியது. முகர்ந்தால் செர்ரியும், அதன் கொட்டையிலிருந்து வரும் பாதாம் வாசமும், அவற்றுக்குப் பின்னால் குதிரை லாயத்தை நினைவூட்டும் ஒரு நெடியும் இருந்தன. பழம் என்றதும் இனிப்பை எதிர்பார்த்த நாக்குக்குக் களாக்காயைக் கடித்தது போன்ற புளிப்புத்தான் கிடைத்தது.

இந்தப் புளிப்பு செர்ரியிலிருந்து மட்டும் வருவதில்லை. பிரஸ்ஸல்ஸ் நகரையும் அதன் மேற்கிலுள்ள பாயோட்டன்லாந்து கிராமங்களையும் ஒட்டி லாம்பிக் என்ற பீரைக் காய்ச்சுகிறார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டோடு முளைகட்டாத கோதுமையையும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, ஆழமில்லாத அகன்ற தொட்டியில் ஓர் இரவு முழுவதும் திறந்து வைத்து ஆறவிடுவார்கள். காற்றிலும் மரப்பீப்பாயிலும் குடியிருக்கும் ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும் தாமாகவே அதில் இறங்கி வேலையைத் தொடங்கும். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் மிகும் என்பதால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர் மாதங்களில்தான் இதைக் காய்ச்சுவது வழக்கம். பெடியோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். லாய நெடியைத் தருவது பிரெட்டனோமைசீஸ் என்ற ஈஸ்ட். மாதக்கணக்கில் பீப்பாயில் கிடந்து புளித்த பிறகு அதில் புளிப்புச் செர்ரியை ஊறவைத்தால் அது க்ரீக், ராஸ்பெரியை ஊறவைத்தால் ஃப்ராம்புவாஸ். பழத்திலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும். பழத்தின் அமிலமோ அப்படியே தங்கிவிடும்.

நமக்கு இது அந்நியமான சங்கதி அல்ல. ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழைப் புளிக்க வைப்பதும், தோசை மாவைப் பொங்க வைப்பதும், இந்நாட்டு மக்கள் சோளத்தில் காய்ச்சும் உம்கொம்போத்தி என்ற பீரைப் புளிக்க வைப்பதும் இதே லாக்டிக் பாக்டீரியாக் கூட்டம்தான்.

சுவைத்து முடித்ததும் நாக்கால் முன்பல்லின் பின்புறத்தைத் தடவினேன். வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் சொரசொரவென்று பட்டது. பச்சைப் புளியங்காயைத் தின்ற பிறகு பல் கூசுகிறது என்போமே, அதே உணர்வு. பிஎச் என்னும் அமில அளவைக் காட்டும் தாள் ஒன்று காரில் இருந்த மருத்துவப் பையில் கிடந்ததால், கோப்பையின் அடியில் மிஞ்சியதில் அதை நனைத்துப் பார்த்தேன். நிறம் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் வந்து நின்றது. (விருந்தில் இப்படிச் செய்கிற மாமாவை யாருக்கும் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.)

பல்லின் மேலுறையான எனாமல், பிஎச் அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்குகிறது. பிஎச் ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதால், 3.5-இல் இருக்கும் பானம் அந்த எல்லையைவிட நூறு மடங்கு அமிலம் கொண்டது. சாதாரண லாகர் பீர் பெரும்பாலும் நான்கை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ நிற்கும். கோலாவும் எலுமிச்சைச் சாறும் க்ரீக்கைவிடக் கடுமையானவை; ஆனால் எலுமிச்சைச் சாற்றை யாரும் ஒரு மணி நேரம் சிறுகச் சிறுகச் சுவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

என் கவலையெல்லாம் அந்தச் சிறுகச் சிறுகக் குடிப்பதில்தான் இருக்கிறது. ஒரு மடக்குக்குப் பின் அமிலத்தைக் கழுவித் தணித்து, கரைந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் ஓரளவு திருப்பித் தருவதற்கு உமிழ்நீருக்கு நேரம் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு என்று குடித்தால் அந்த நேரம் கிடைப்பதே இல்லை. அன்று பையன் ஒவ்வொரு மடக்கையும் கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, பல்லிடுக்கு வழியே காற்றை உறிஞ்சி, "இப்படித்தான் சுவைக்க வேண்டும் மாமா" என்று விளக்கினான். மணம் மூக்குக்கு ஏற அது நல்ல வழிதான். ஆனால் நாள்தோறும் ஒயின் சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் பல் மருத்துவர்கள் அமில அரிப்பைக் காண்பதும் அதே வழியால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது என்றார். சொத்தை எதுவும் இல்லை, ஈறும் நன்றாக இருந்தது. ஆனால் மேல் முன்பற்களின் விளிம்பு விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தது. கடைவாய்ப் பற்களின் மேடுகளில் ஊசிமுனையால் தோண்டியது போலச் சிறு குழிகள், அவற்றின் அடியில் மஞ்சளாக, எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கான டென்டின். வீட்டிலேயே புளிப்பு பீர் காய்ச்சுவது அவருடைய பொழுதுபோக்கு. மாலைதோறும் பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைத்துப் பார்ப்பார். சுவைத்த கையோடு, வாய் நாற்றம் மனைவிக்குத் தெரியக்கூடாதென்று, அழுத்திப் பல் துலக்கிவிடுவார். அமிலம் இளக்கி வைத்த எனாமலைப் பிரஷ் வழித்தெடுத்துக்கொண்டிருந்தது. போன எனாமல் மீண்டும் முளைக்காது. எஞ்சியிருப்பதைக் காப்பதற்கு ஃப்ளோரைடு பூசி, குழிகளை அடைத்துக் கொடுத்தேன்.

ஆகவே, குடிப்பதென்று முடிவு செய்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உணவோடு சேர்த்துக் குடியுங்கள், உணவு முடிந்ததும் கோப்பையையும் முடித்துவிடுங்கள். பக்கத்தில் வெறும் தண்ணீர் வைத்துக்கொண்டு இடையிடையே கொப்பளியுங்கள். ஒரு துண்டு சீஸ் உண்பது அமிலத்தைத் தணிக்கும். பல் துலக்கக் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களும், உமிழ்நீரைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் இனிப்பூட்டிய பழ பீர் வகைகள் சிலவற்றில் ஆல்கஹால் 2.5 அல்லது 3.5 சதவீதம்தான் என்றாலும், அவற்றில் அமிலத்தோடு சர்க்கரையும் சேர்வதால் அரிப்போடு சொத்தையும் வரக்கூடும். பழச்சாறு போல இருக்கிறதே என்று பிள்ளைகளுக்கு ஒரு வாய் ஊட்டிவிடும் வழக்கத்தை நான் விருந்துகளில் பார்த்திருக்கிறேன். அதற்கு என்னிடம் மன்னிப்பே கிடையாது.

கேப் டவுனுக்குத் திரும்பிய பையன் மறுவாரம் தொலைபேசியில் அழைத்தான். "பழம்தானே மாமா சிக்கல், பழமே போடாத லாம்பிக் குடித்தால் பல்லுக்கு ஒன்றும் ஆகாதல்லவா?" என்று கேட்டான். புதிய லாம்பிக்கையும் மூன்றாண்டு வரை பழகிய லாம்பிக்கையும் கலந்து பாட்டிலில் அடைக்கும் வகையில் பழமே இருக்காது. ஆனால் பாக்டீரியா தந்த லாக்டிக் அமிலம் முழுவதும் அதில் இருக்கும், தாளை நனைத்தால் நிறம் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து நிற்கும் என்றேன். அடுத்த முறை வரும்போது அந்தத் தாளில் ஒரு கட்டு வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறான்.