டிராஃப்ட்: ஏலமும் அல்ல, வரைவும் அல்ல

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில், புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்வதே ‘டிராஃப்ட்’. நட்சத்திர வீரரின் மகனை அதில் வணிகத்துக்காக எடுக்கிறார்களா என்ற கேள்வியும், அச்சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்வியும் எழுகின்றன. அமெரிக்கக் கூடைப்பந்துச் செய்தியைத் தமிழில் எழுதும்போது ‘டிராஃப்ட்’ என்ற சொல்லுக்கு ஐ.பி.எல். பழக்கத்தில் ‘ஏலம்’ என்றோ, அகராதியைப் பார்த்து ‘வரைவு’ என்றோ எழுதத் தோன்றும். இரண்டும் பொருந்தா. ஏலத்தில் கூடுதல் தொகை கேட்பவருக்கே வீரர் கிடைப்பார். டிராஃப்டிலோ முறை வந்த அணி ஒரு பெயரைச் சொல்கிறது, அவ்வளவுதான். அதன்பின் என்.பி.ஏ.வுக்குள் அந்த வீரரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த ஓர் அணிக்கே உரியது.

‘இழு’ என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த சொல் இது. தாளில் கோடு இழுப்பது ஆவண வரைவாயிற்று. பெருங்கூட்டத்திலிருந்து சிலரைப் பிரித்து இழுப்பது படைக்கு ஆளெடுப்பதாயிற்று. விளையாட்டுக்கு வந்தது இந்த இரண்டாம் பொருளே. அமெரிக்கக் கால்பந்தில் 1936-இல் தொடங்கிய இம்முறையை, என்.பி.ஏ.வின் முன்னோடி அமைப்பு 1947-இல் மேற்கொண்டது. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகள் முன்னதாகத் தெரிவு செய்யலாம் என்பதே அதன் அடிப்படை.

ஆனால் வணிகக் கணக்கு இதற்குள் புதிதாக நுழைந்ததன்று. 1965 வரை ‘வட்டாரத் தெரிவு’ என்றொரு விதியே இருந்தது: முதல் சுற்று வாய்ப்பை விட்டுக்கொடுக்கும் அணி, தன் ஊர்ப்பக்கத்துக் கல்லூரி நட்சத்திரத்தை நேரே எடுத்துக்கொள்ளலாம், உள்ளூர்ப் பிள்ளை ஆடினால் டிக்கெட் விற்கும் என்பதே காரணம். நட்சத்திர வீரர் வில்ட் சேம்பர்லைன் படித்தது கான்சாஸில் என்றாலும், அவர் வளர்ந்தது தன் ஊரில் என்று காட்டி 1959-இல் ஃபிலடெல்ஃபியா அணி அவரைப் பெற்றது.

நட்சத்திரத்தின் மகனை வணிகத்துக்காக எடுக்கிறார்களா என்ற கேள்வியையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். முன்னாள் என்.பி.ஏ. வீரர் டெல் கரியின் மகன் ஸ்டீஃபன் கரி 2009-இல் 7-ஆவதாக எடுக்கப்பட்டபோது ஆட்டமே பேசியது. லெப்ரான் ஜேம்ஸின் மகன் பிரானியின் கதை வேறு. கல்லூரியில் ஆட்டத்துக்குச் சராசரியாக 4.8 புள்ளிகளே எடுத்திருந்த அவரை, 2024-இல் தந்தை ஆடிவந்த லேக்கர்ஸ் அணியே 55-ஆவதாக எடுத்தது. தம் கடைசிப் பருவத்தை மகனோடுதான் ஆடுவேன் என்று 2022-இலேயே தந்தை சொல்லியிருந்தார். வேறு அணிகள் எடுத்தால் பிரானி ஆஸ்திரேலியாவில் ஆடப் போய்விடுவார் என்று அவருடைய முகவர் சொல்லிவருவதாகத் தெரிவு நாள் நேரலையிலேயே தொலைக்காட்சி வருணனையாளர் பாப் மையர்ஸ் கூறினார். 55-ஆம் இடம்போல் இரண்டாம் சுற்றின் கடைசியில் கிடைப்பவர்களுள் நிலைப்பவர் சிலரே. ஆகவே அணிக்கு இழப்புச் சிறிது, தந்தையைத் தக்கவைக்கும் ஆதாயமோ பெரிது. வணிகமே முதற்காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது; அதில் விதிமீறல் ஏதுமில்லை.

இனித் தமிழ்ச்சொல். சங்க அகப்பாடல் மரபில் ‘வரைவு’ என்பது மணம். ‘வரைந்து கொள்ளுதல்’ என்றால் மணந்து தனக்குரியவளாக்கிக் கொள்ளுதல். டிராஃப்டின் உட்பொருளுக்கு இது வியப்பூட்டும் அளவுக்கு நெருக்கமானதே. எனினும் இன்று ‘வரைவு’ என்றால் சட்ட முன்வடிவுதான் நினைவுக்கு வருகிறது. எனவே ‘உரிமைத் தெரிவு’ என்பதையே பரிந்துரைப்பேன்: “2024 உரிமைத் தெரிவில் லேக்கர்ஸ் பிரானி ஜேம்ஸை 55-ஆவதாகப் பெற்றது.”