கறிவேப்பிலைச் செடியில் கூடு கட்டியிருக்கிறதா?

"அண்ணே, எங்க வீட்டுச் செடியில குருவி கூடு கட்டியிருக்கு, வந்து படம் எடுக்குறீங்களா?" பிழைப்புக்குக் கல்யாணம், ஆசைக்குப் பறவை என்று கேமராவோடு அலையும் எனக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அடிக்கடி செய்தி வரும். பெரும்பாலும் சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) தாழ்வாரத்துத் தொட்டிச்செடியாக இருக்கும். குருவி என்பது தேன்சிட்டாகவோ கொண்டைக்குருவியாகவோ இருக்கும். நான் முதலில் கேட்பது: "முட்டையா, குஞ்சா?"

முட்டை என்றால் போகமாட்டேன். தேன்சிட்டில் பெண் மட்டும்தான் அடைகாக்கும். நாம் பக்கத்தில் நின்றால் அது கூட்டுக்குள் வராது, முட்டை ஆறிப்போகும். பொரித்தபின் இரண்டு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். அந்தக் கடைசி இரண்டு மூன்று நாட்களிலும் போகமாட்டேன். ஆள் நெருங்கினால் சிறகு முற்றாத குஞ்சு பயந்து வெளியே குதித்துவிடும். பத்தாவது மாடியிலிருந்து அது எங்கே போய் விழும்?

சரி, நடுவில் பத்து நாளாவது இருக்கிறதே என்றால், அதிலும் நான் தப்பு செய்தவன்தான். தொடக்க காலத்தில் ஈசூனில் ஒரு வீடு. கறிவேப்பிலைச் செடியில் கொண்டைக்குருவிக் கூடு. கிண்ணம் மாதிரி மேலே திறந்திருக்கும், உள்ளே இரண்டு குஞ்சுகள். ஒரு கிளை குறுக்கே வந்து மறைத்தது. வெட்டக்கூட இல்லை, துணி கிளிப் போட்டு ஒதுக்கி வைத்தேன். படம் அருமையாக வந்தது. கிளிப்பை எடுக்க மறந்து கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை அந்த அக்கா போன் செய்தார். "காக்கா வந்துட்டுப் போயிருக்கு தம்பி." கிளிப் விஷயம் அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. படத்துக்கு இடைஞ்சல் என்று நான் நினைத்த கிளைதான் அந்தக் கூட்டுக்குக் கூரை. வெயிலுக்கும் மறைப்பு, காக்கைக்கும் மறைப்பு.

இப்போதெல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத்தான் எடுக்கிறேன். உள்ளே விளக்கை அணைத்துவிட்டால் வெளியிலிருந்து நம்மைத் தெரியாது. 400 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். ஃபிளாஷ் கிடையாது, ஷட்டர் சத்தமும் கிடையாது. ஆனால் கண் கூட்டில் இருக்கக்கூடாது, தாய் மேல் இருக்க வேண்டும். வாயில் சிலந்தியைக் கவ்விக்கொண்டு பக்கத்து வீட்டு சைக்கிள் ஹேண்டில்பாரில் உட்கார்ந்து, கீச்சுக் கீச்சென்று கத்தி, கூடு வரை பறந்து வந்து திரும்பிப் போகிறதா? அப்படியென்றால் காரணம் நாம்தான். பத்து நிமிடம் பார்ப்பேன். சிலந்தி உள்ளே போகவில்லையென்றால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவேன்.

புழு வைத்து இழுக்கலாமே என்று பயிற்சிக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. 2020 ஜூன் முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவைக்குத் தீனி போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். அபராதத்துக்குப் பயந்து அந்த எண்ணத்தைக் கைவிட்டாலும் எனக்குச் சம்மதமே.

அப்புறம், படத்தை உடனே பதிவேற்றாதீர்கள். பாசிர் ரிஸ் பூங்காவில் ஆந்தைக் குஞ்சு தெரிகிறது என்று செய்தி பரவினால் மரத்தடியில் எத்தனை கேமரா முக்காலிகள் வந்து நிற்கும் என்று பார்த்திருப்பீர்கள். தாழ்வாரத்தில் அவ்வளவு இடம்கூட இல்லை. புளோக் எண் வேண்டாம். கைப்பேசி படத்தோடு சேர்த்துப் பதியும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். குஞ்சுகள் பறந்துபோன பிறகு போட்டாலும் லைக் வரும். காக்கையைவிட வேகமாக வந்து சேர்வது நம் ஆட்கள்தான்!

போன மாதம் தெம்பனிஸில் ஒரு வீடு. தொங்கும் பூந்தொட்டியில் தேன்சிட்டுக் கூடு, பை போல நீண்டிருந்தது. பக்கவாட்டில் இருக்கும் வாசல் சுவரைப் பார்த்திருந்தது. ஒரு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் தாயின் வால்தான். "தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைக்கவா தம்பி?" என்றார் வீட்டுக்கார அக்கா.

"வேணாங்க்கா."

காபி குடித்துவிட்டு வந்தேன்.